ஆட்டம் பாதியில் நின்றால்...

2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த 'பிளேஸ்டேஷன் 2' யந்திரத்தின் ஆட்டங்களை இப்போது கம்ப்யூட்டரிலேயே ஆடலாம். 'பி.சி.எஸ்.எக்ஸ்.2' என்ற எமுலேட்டர், கம்ப்யூட்டருக்கு அந்த யந்திரத்தின் வேஷம் போட்டுவிடுகிறது. வேஷம் கலைந்தால் ஆட்டம் பாதியில் நின்றுவிடும். குழந்தையின் முகமும் வாடிவிடும்.

"புதிய பதிப்பைப் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்! ஆட்டத்தைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. நினைத்த இடத்தில் அப்படியே நிறுத்தி வைப்பது 'ஸேவ் ஸ்டேட்'. இது உப்புக் குறைந்த ஊறுகாய். பதிப்பு மாறினால் கெட்டுப் போகலாம். ஆட்டத்துக்குள்ளேயே 'மெமரி கார்டி'ல் சேமிப்பதுதான் பதமான ஊறுகாய். பதிப்பு மாறினாலும் நிற்கும். குழந்தை பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த வெற்றி ஒரு நிமிஷத்தில் மறைந்துவிடக் கூடாதல்லவா? ஆகவே மெமரி கார்டில் சேமித்து, அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துவதே முதல் காரியம்.

பிறகு கோளாறைத் தேடுங்கள். ஒரே ஓர் ஆட்டம் மட்டும் நிற்கிறதா? டிஸ்கிலிருந்து எடுத்த பிரதியில் பழுது இருக்கலாம். டிஸ்கைத் துடைத்து மறுபடி எடுங்கள். எல்லா ஆட்டங்களுமே நிற்கின்றனவா? கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். அப்படியும் நின்றால், 'ரெண்டரர்' என்ற இடத்தில் 'வல்கன்' இருப்பதை 'ஓப்பன் ஜி.எல்.' என்று மாற்றிப் பாருங்கள்.

ஆனால் ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்தான். குழம்பில் உப்பையும் புளியையும் காரத்தையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, எதனால் ருசி மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?