மனதை அளக்கும் மார்க்கு

மனோவியாதியஸ்தர்களில் பலருக்குத் தங்கள் மனதில் எழுவது கோபமா, பயமா, துக்கமா என்று பிரித்தறியவும், அறிந்ததை வாய்விட்டுச் சொல்லவும் முடிவதில்லை. இந்தக் குறைக்கு 1970-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்து டாக்டர் பீட்டர் சிஃப்னியோஸ் என்பவர் கிரேக்கச் சொற்களைக் கூட்டி அலெக்ஸிதைமியா என்பதாகப் பெயரிட்டார். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்பது அதன் பொருள். குறை உண்மையானதே. அதைப் பிசாசென்றும் பூர்வஜன்ம வினையென்றும் சொல்லாமல் ஆராயப் புகுந்ததை நாம் வரவேற்கின்றோம். நமது சண்டையெல்லாம் அதை அளக்கும் கோலோடுதான்.

1994-ல் டொரோண்டோக்காரர்கள் திருத்தி வெளியிட்ட 20 கேள்விக் காகிதமே இன்று பல தேசங்களிலும் வழங்கி வருகின்றது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மார்க்கு. 61-ம் அதற்கு மேலும் வாங்கினவருக்கு அந்தக் குறை உண்டு. 51-ம் அதற்குக் கீழும் வாங்கினவருக்கு இல்லை. நடுவில் நிற்பவர் திரிசங்கு.

ஜுரம் பார்க்க வந்த டாக்டர் தர்மாமீட்டரை உள்ளே வைத்துவிட்டு, "உனக்கு எத்தனை டிகிரி?" என்று நோயாளியையே கேட்பதுண்டா? இங்கோ, தன் உணர்ச்சி தனக்கே விளங்காதவன் என்று எவனைச் சந்தேகிக்கிறார்களோ அவனையே உட்காரவைத்து, "உன் உணர்ச்சி உனக்கு விளங்குகிறதா?" என்று கேட்டு, அவன் போட்ட புள்ளியைக் கூட்டித் தீர்ப்புச் சொல்லுகிறார்கள்!

கேள்விகளையாவது பார்ப்போம். டாக்டர்களுக்கும் விளங்காத உபாதைகள் உடம்பில் உண்டா என்பது ஒன்று. ஆம் என்றால் மார்க்கு ஏறும். டாக்டருக்கு விளங்காததை நோயாளி பேரில் பற்று எழுதுவது என்ன கணக்கோ தெரியவில்லை. மனப்போராட்ட நாடகத்தைவிட லேசான வேடிக்கை பிடிக்குமா என்பது இன்னொன்று. நாளெல்லாம் மூட்டை தூக்கினவன் மாலையில் சிரிக்க விரும்பினால் அதுவும் அவன் மனக்குறையாம்.

இதைவிடப் பெரிய ஆக்ஷேபணை ஒன்றுண்டு. மனச்சோர்வும் கலக்கமும் மிகுந்தபோது இந்த மார்க்கும் ஏறுகிறது. சோர்வு தணியத் தணிய இதுவும் பெரும்பாலும் இறங்குகிறது. இது ஆராய்ச்சிக்காரர்களே கண்டு எழுதியிருக்கும் சங்கதி. அப்படியானால் அளந்தது மனிதனுடைய சுபாவத்தையா, அன்றைய வேதனையையா? வேதனையின் உச்சத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தவனிடம் முதல் நாளே காகிதத்தைக் கொடுத்து, வந்த தொகையை அவன் நெற்றியில் ஒட்டுவது எந்த விஞ்ஞானம்? மனந்திறந்து பேசி உட்காரணம் தேடும் சிகிச்சை இத்தகையவர்களுக்கு ஏற்றதல்ல என்பது சிஃப்னியோஸின் அபிப்பிராயம். அதை நம்புகிற டாக்டரிடம் 61 வாங்கினவன் மாத்திரையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். 60-க்கும் 61-க்கும் நடுவில் மலையா இருக்கிறது?

வேறு வழி இல்லாமலும் இல்லை. சந்தர்ப்பங்களைச் சொல்லி, அப்போது உனக்கு எப்படியிருக்கும், எதிரிலிருப்பவருக்கு எப்படியிருக்கும் என்று எழுதச் சொல்லும் முறை 1990-லேயே வந்துவிட்டது. டொரோண்டோக்காரர்களே 2006-ல், நேரில் பேசி உதாரணம் கேட்கும் பேட்டி முறை ஒன்றை வெளியிட்டார்கள். நேரம் பிடிக்குமே என்பார்கள். பிடிக்கட்டுமே! வியாதியஸ்தர் தேடி வந்ததே டாக்டரின் நேரத்தைத்தானே? காகிதம்தான் வேண்டுமென்றால், சோர்வின் அளவையும் பக்கத்தில் எழுதட்டும். சோர்வு தணிந்தபின் மறுமுறை அளக்கட்டும். இரண்டு தொகைகளையும் நோயாளியின் கையிலேயே கொடுக்கட்டும்.