‘நீங்க சும்மா இருங்கப்பா!’ - ஓய்வுக்குப் பிறகு மூளை மங்குவது எதனால்?

சேலம் அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ, ரிட்டையர் ஆனவர் இருக்கும் ஒரு வீட்டில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். கரன்ட் பில் கட்ட அப்பா கிளம்புவார். “எதுக்குப்பா வெயில்ல அலையறீங்க, நான் போன்லயே கட்டிட்டேன்” என்பார் பெங்களூரில் இருக்கும் மகன். காய் வாங்கப் பையை எடுத்தால், ஆப்பில் ஆர்டர் ஏற்கெனவே போயிருக்கும். “நீங்க சும்மா இருங்கப்பா!” என்று பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், மூளைக்கு இந்தச் ‘சும்மா’ ஒத்துக்கொள்வதில்லை.

இது ஏதோ சில வீடுகளின் கதை இல்லை. 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவிகிதம். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் இது 18.2 சதவிகிதம் ஆகும் என்கிறது அதே கணிப்பு. சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்தபோது இளைஞர்களாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று தாத்தாக்கள். ரயில்வே, மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று ஓய்வுபெற்றவர்களும் வரிசையாக இருக்கிறார்கள். அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 59, 2021-ல் 60 என்று உயர்ந்தது. அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘வைட்ஹால்’ ஆய்வு ஒன்றைச் சொல்கிறது. வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன், ஓய்வுக்குப் பிறகு 38 சதவிகிதம் கூடுதல் வேகத்தில் சரிந்தது. மற்ற திறன்களில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. உயர்பதவியில் இருந்தவர்களுக்கு வேலையில் இருக்கும்வரை இந்தச் சரிவு மெதுவாக இருந்திருக்கிறது. நாற்காலி போனதும் அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது.

ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. வேலையில் இருக்கும்போது யாரோ ஒருவர் வந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் சொல்லியாக வேண்டும், பெயர் ஞாபகம் இருக்க வேண்டும், தப்பு செய்தால் மாட்டிக்கொள்வோம். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. “அப்போ சுடோகு போடட்டுமா சார்?” என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போடுங்கள், சுடோகு நன்றாக வரும். ஆனால், நீங்கள் போடாவிட்டால் ஏன் என்று கேட்க அங்கே ஆள் இல்லையே!

சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, முதல்வர் பதவியைவிட்டு இறங்கியது 1954-ல், 75 வயதில். சுதந்திரா கட்சியை ஆரம்பித்தது 1959-ல், 80 வயதில். எல்லோராலும் கட்சி ஆரம்பிக்க முடியாது (வேண்டவும் வேண்டாம்!). ஆனால், அவருக்கு எதிர்த்துப் பேச ஆள் இருந்தது, பதில் சொல்லவேண்டிய வேலையும் இருந்தது.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை பக்கம் போனால் தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். அந்தச் சத்தத்துக்குள் முப்பது, நாற்பது வருஷம் நின்றவர்களுக்கு பென்ஷனும் கிடையாது, ஓய்வு பெறும் தேதியும் கிடையாது. கால் ஓயும்போது தறியை விடுகிறார்கள். அதற்குள் காது பாதி போயிருக்கும். பேசுவது புரியாமல் இரண்டு தடவை “என்ன?” என்பார். மூன்றாவது தடவை “உங்களுக்கு ஒண்ணுமில்ல, விடுங்க” என்று பதில் வரும். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே நிறுத்திவிடுவார். வீட்டில் எல்லோரும் “வயசாயிடுச்சு, மறதி” என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கான 14 காரணங்களைச் சரிசெய்தால் 45 சதவிகிதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. அந்தப் பட்டியலில் செவித்திறன் குறைவுக்கு முதல் வரிசை இடம். ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை ஆகியவையும் அதில் உண்டு. காது மெஷின் எல்லோருக்கும் மறதியைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் மூன்று ஆண்டு நடந்த ஒரு பரிசோதனையில், மொத்தமாகப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த முதியவர்களிடம் மட்டும் சரிவின் வேகம் ஏறக்குறைய பாதியானது. தறிக்காரர்களுக்கு இது போதாதா? வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு 2017-லிருந்து ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ’ திட்டத்தில் காது மெஷின் இலவசமாகத் தரப்படுகிறது. வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள், அப்படியே காதையும் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசிவிட்டோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. சுமார் 88 லட்சம் பேர். பெண்களிடமும், பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும், கிராமத்தில் இருப்பவர்களிடமும் அதிகம். அம்மாவுக்கு அடுப்படியில் ரிட்டையர்மென்டே இல்லை, உண்மைதான். ஆனால் நாற்பது வருஷமாக அதே குழம்பு, அதே பாத்திரம். பாங்க் பாஸ்புக்கைத் தொட்டதில்லை. கணவர் போனபிறகு ஏ.டி.எம் கார்டும் மகன் கையில். அவரிடம் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். முதல் மாதம் தடுமாறட்டும், பரவாயில்லை.

சாவியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் நடப்பது. தினமும் போகும் கடையிலிருந்து திரும்ப வழி தெரியவில்லை, சில்லறைக் கணக்கு குழம்புகிறது என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12 குறைபாடு மாதிரி சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம்.

2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு முதியோருக்காக 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்களை அறிவித்தது. நல்ல ஆரம்பம். அங்கே டி.வி-யும் கேரம் போர்டும் மட்டும் இருந்தால், அதுவும் இன்னொரு ‘சும்மா’தான். ரிட்டையர் ஆன உருக்காலை எலெக்ட்ரீஷியன் வாரம் இரண்டு நாள் ஐ.டி.ஐ பையன்களுக்கு மோட்டார் சுற்றச் சொல்லித் தரலாம். கணக்கு டீச்சர் பத்தாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். வராத அன்று, “ஏனுங்க டீச்சர், நேத்து காணோமே?” என்று நாலு பிள்ளைகள் வாசலில் வந்து கேட்பார்கள்.