பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா?

பூவிருந்தவல்லியிலிருந்து சென்னீர்குப்பம் வழியாக ஆவடிக்குச் செல்லும் சாலையில் காலை வேளையில் சற்றே நின்று பார்ப்பவர்களுக்கு, மஞ்சள் வர்ணம் பூசிய பள்ளி வாகனங்கள் ஊர்ந்து செல்லும் காட்சியோடு, ரோபோட்டிக்ஸ், சிலம்பம், நீட் பயிற்சி என்று தனியார் மேல்நிலைப் பள்ளிகளின் சிறப்புகளை வரிசைப்படுத்தும் விளம்பரத் தட்டிகளும் கண்ணிற்படும். வருமானத்தில் கணிசமான பங்கைக் கட்டணமாகச் செலுத்தும் பெற்றோர் அவற்றை ஊன்றிப் படிப்பது இயல்பே. ஆனால், எந்தத் தட்டியிலும் காணப்படாத ஒரு விஷயத்தை அவர்கள் நிர்வாகத்திடம் கேட்டாக வேண்டிய சந்தர்ப்பம் இப்போது வந்திருக்கிறது: பிளஸ் ஒன் வகுப்பில் பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா?

1978இல் தமிழகத்தில் தொடங்கிய மேல்நிலைக் கல்வி ஈராண்டுப் படிப்பு. பிளஸ் டூ மதிப்பெண்ணே தொழிற்கல்விக்கு வாயில் என்றான பின்னர், தனியார் பள்ளிகள் பலவற்றில் முதலாண்டுப் புத்தகங்கள் பிரிக்கப்படாமலே கிடக்க, இரண்டாமாண்டுப் பாடத்தையே ஈராண்டும் உருவேற்றும் வழக்கம் வேரூன்றியது. அதைத் தடுக்கும் பொருட்டே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு ஏற்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, அத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டிருக்கிறது.

நீக்கியது சரியே என்பது நமது அபிப்பிராயம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டும் இடையறாது பொதுத்தேர்வின் பீதியில் ஒரு குழந்தையை வைத்திருப்பது நியாயமன்று. எனினும், தேர்வு போனதோடு பாடமும் போய்விடலாகாது. விசையும் இயக்கமும், நுண்கணிதத்தின் ஆரம்பமும், கணக்குப்பதிவியலின் ஆணிவேரான இரட்டைப்பதிவு முறையும் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. இவற்றைத் தாண்டிக் குதித்த மாணவன் பொறியியற் கல்லூரியின் முதற்பருவத்தில் திகைத்து நிற்பதற்கு அவன் புத்தியைக் குறை கூறிப் பயனில்லை.

ரோபோட்டிக்ஸை நாம் வெறுக்கவில்லை. ஆயினும், உடற்பயிற்சிப் பாடவேளையையும் நூலகப் பாடவேளையையும் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்த்துவிட்டு, மாலையில் தனிக்கட்டணத்துக்கு அளிக்கப்படும் எதையும் கல்வியின் செழுமை என்று ஏற்க நம் மனம் ஒப்பவில்லை. செழுமைக்கு இவ்வட்டாரத்தில் என்ன பஞ்சம்? பருத்திப்பட்டில் தேங்கும் கூவத்து நீரைச் சோதனைக்குழாயில் ஏந்தும் மாணவிக்கு வேதியியல் வேறொன்றாய்த் தோன்றும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாடெங்கும் பேசப்பட்ட செம்பரம்பாக்கம் ஏரியின் கரையில் நின்று கொள்ளளவையும் நீர்வரத்தையும் கணக்கிடுகிறவனுக்குக் கணிதம் ஊரின் உயிர்ப்பிரச்சினையாகும். சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை பிரகடனம் செய்தது இதே ஆவடியில் என்பதை, அங்கே பிறந்து வளரும் எத்தனை பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்லியிருப்பார்? இவற்றுக்கு வேண்டுவது ஒரு வாகனமும், அரை நாள் அவகாசமும், ஆசிரியருக்கு நிர்வாகம் தரும் சுதந்திரமுமே.

ஆகவே, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர்கள், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னரே முன்னறிவிப்பின்றி வகுப்பறைகளுக்குச் சென்று பிளஸ் ஒன் மாணவர்களின் குறிப்பேடுகளைப் பார்வையிட வேண்டும். நூலகம், விளையாட்டு உட்பட வாராந்திர நேர அட்டவணையைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் எழுத்தில் அளிக்க ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு உத்தரவிட வேண்டும். குறிப்பேட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் காணப்படுமாயின், அப்பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்குமுன் அதற்கு விளக்கம் கேட்கப்பட வேண்டும்.