சாமியார் வந்தால் பாட்டிக்குப் பயமாம்!

தொண்ணூறைக் கடந்த மூதாட்டி ஒருவர் இறைவனடி சேர்ந்தால் நம் பங்குகளில் நடப்பதென்ன? சுவரொட்டி, பாண்டு வாத்தியம், இயன்றால் ஐந்து குருக்கள் சேர்ந்து நிறைவேற்றும் அடக்கத் திருப்பலி. “கோயிலே கதியென்று கிடந்தவர்” என்று பேரப்பிள்ளைகள் ஒலிபெருக்கியில் கண்கலங்குவார்கள். நல்லது. அந்தக் கோயிலை அவர் கடைசியாகக் கண்டது எந்த ஆண்டில் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது!

1930-களில் பிறந்த இத்தாய்மாரின் நெடிய வாழ்வை எண்ணிப் பாருங்கள். அவர்கள் புதுநன்மை வாங்கிய காலத்தில் பூசை இலத்தீனில். நன்மை வாங்குவோர் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் அருந்தலாகாது. தண்ணீருக்கு அனுமதி 1953-இல் வந்தது. உபவாசம் 1957-இல் மூன்று மணி நேரமாகவும் 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. அதற்கு முன்பெல்லாம் இடுப்பில் பிள்ளையோடும் வெறும் வயிற்றோடும் விடியற்காலையில் கோயிலுக்கு நடந்தவர்கள் இவர்கள். பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கூடியது. பூசை தமிழாயிற்று, குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார். முப்பது ஆண்டுப் பழக்கத்தை முணுமுணுக்காமல் மாற்றிக்கொண்டார்கள். பூசை நேரத்தில் செபமாலை உருட்டுகிறார்களே என்று படித்த இளைஞர் நகைப்பதுண்டு. இலத்தீன் அறியாத அம்மக்களுக்குச் செபமாலையே பூசைப்புத்தகமாய் இருந்தது என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

வீட்டில் அவர்கள் செய்ததோ இன்னும் பெரிது. பிள்ளைகளுக்குச் சின்னக்குறிப்பிடத்தை மனப்பாடம் செய்வித்தவர் யார்? மூவேளைச் செபமணி கேட்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றவர் யார்? வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனமும் தபசுகால ஒருசந்தியும் யாரால் நிலைத்தன? தூய பவுலும் திமொத்தேயுவின் விசுவாசத்திற்கு வேர் தேடும்போது, அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும்தான் போய் நிற்கிறார்.

அத்தகையவர் படுக்கையில் விழுந்த பிறகு? ஞாயிறு காலையில் குடும்பம் முழுவதும் காரில் ஏறிக் கோயிலுக்கு வந்துவிடுகிறது. பாட்டிக்குத் துணை தொலைக்காட்சி. ஏனென்று நாம் வினவினால், “அவருக்குத்தான் கடன் இல்லையே, சாமி” என்று நமக்கே திருச்சபைச் சட்டம் போதிக்கிறார்கள். உண்மைதான், நோயாளிக்கு ஞாயிறு கடன் இல்லை. கடன் இல்லாதவருக்குப் பசியும் இல்லையோ? நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரும்படி பங்குத்தந்தையிடம் ஒரு சொல் சொன்னால் போதுமே! மருத்துவரின் முறை தவறாத வீடுகளில் இந்த ஒரு சொல் மட்டும் மாதக்கணக்கில் மறந்துபோகிறது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நோயில்பூசுதல் பற்றிப் பேச்செடுத்தாலே, “சாமியார் எண்ணெயோடு வந்தால் பாட்டி பயந்துவிடுவார்” என்று மகன் வாசலிலேயே மறிக்கிறார். அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயர் விளைத்த கேடு இது. சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று இந்த அருட்சாதனம் என்று சங்கம் 1963-இலேயே அறிவித்தது. 1972-இல் புதிய சடங்குமுறையும் வெளிவந்தது. நோயால் மட்டுமன்று, முதுமையின் தளர்ச்சியாலும் ஆபத்து தொடங்கும் நிலையிலேயே இதைப் பெறலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1004-ஆம் எண்ணில் கூறுகிறது. நோய் முற்றினால் மீண்டும் பெறவும் தடையில்லை. ஆனால் நம்மை அழைப்பது எப்போது? மூச்சு நின்று, தாடையைக் கட்டிய பிறகு. இறந்தவருக்கு அருட்சாதனம் இல்லை, செபம்தான் உண்டு என்றால், சாமியார் இரக்கமற்றவர் என்று தெருவே பேசுகிறது!

நாம் கண்டவரை, பாட்டிமார் சாமியாரைக் கண்டு அஞ்சுவதில்லை. நல்மரணத்திற்காகச் சூசையப்பரை நாள்தோறும் மன்றாடியவர்கள் அவர்கள். அச்சமெல்லாம் பிள்ளைகளுக்கு. தாய்க்குச் சாவுண்டு என்பதைத் தாங்களே ஏற்க மனமின்றி, அந்த அச்சத்தைத் தாயின் தலையில் கட்டுகிறார்கள்.

தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். சூலை மாத நான்காம் ஞாயிறு அது. அன்றைக்கு ஒரு சால்வை போர்த்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அன்பியக் கூட்டத்தை அவர் கட்டிலருகே நடத்துங்கள். செபமாலையின் முதல் மணியை அவரே தொடங்கட்டும், நாக்குக் குழறினாலும் சரி. முதல் வெள்ளிக்கு நற்கருணை வேண்டுவோர் பெயரை வியாழன் மாலைக்குள் பங்கில் தெரிவித்துவிடுங்கள். மேசைமேல் வெள்ளைத் துணியா, சிலுவைக்கு இருபுறமும் எத்தனை மெழுகுதிரி என்றெல்லாம் நம்மைக் கேட்க வேண்டாம். பாட்டியைக் கேளுங்கள், சொல்லுவார்.