யாராச்சும் ஆளுகிட்டக் குடு கண்ணு

எந்திரத்தைக் கண்டு மிரளுகிற ஊர் இல்லை கோயமுத்தூர். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை இங்கே நூற்பாலை தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பியது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டாரே செய்துவிட்டார்கள். லேத் சத்தம் கேட்காத சந்து ஒன்றைக் கணபதிப் பகுதியில் தேடிப்பிடிக்க வேண்டும். ஆகவே செயற்கை நுண்ணறிவு என்றதும் ஐயோ என்று அலறுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். அதன் தயவில் கல்யாண மண்டபத்துத் திரையில் செத்துப்போன அப்பாரு எழுந்து வந்து மணமக்களை ஆசீர்வதிக்கிறார். சரி, அதையும் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறேன். எனக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான். வங்கிக்குப் போன் போட்டால் ஆள் வருவதில்லை.

அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. ஏடிஎம்மில் ஐயாயிரம் எடுக்கப் போனார். எந்திரம் உள்ளுக்குள் கடகடவென்று உருட்டியது, பணம் வெளியே வரவில்லை. கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போட்டோம். இளம்பெண் குரல், செய்தி வாசிப்பது போன்ற தமிழ். "வணக்கம். உங்கள் தேவையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்."

சுருக்கமாகப் பேசுவது எங்கள் அம்மாவின் வழக்கத்தில் இல்லை. "நல்லாருக்கறயா கண்ணு? சோறு உண்டாச்சா?" என்று ஆரம்பித்தார். எங்கள் பக்கம் யாரிடம் காரியமாகப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது குரல். அம்மா பதறிப்போய், "மிசின்ல காசு வல்லெ சாமி, ஆனாக் கணக்குல புடிச்சுப்போட்டாங்க" என்றார். உடனே இருப்புத் தொகையைப் படித்துக் காட்டியது, ஐயாயிரம் குறைவாக. "வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று பணிவாகக் கேட்டது. "நீ வேண்டாம், யாராச்சும் ஆளுகிட்டக் குடு கண்ணு" என்றார் அம்மா. மறுபடியும் மன்னிக்கவும்.

நான் வாங்கிப் பாடப்புத்தகத் தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அது புரிந்துகொண்டு, எனக்குத் தனிநபர் கடன் தர முன்வந்தது. மனிதர் என்றேன், அதிகாரி என்றேன், மேலாளர் என்றேன். கத்தியும் பார்த்தேன். கத்தினால் ஆளுக்கு மாற்றிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், பொய்.

இத்தனைக்கும் இதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், வாடிக்கையாளர் புகார் செய்யாவிட்டாலும் அந்த நாளிலிருந்து ஐந்து நாளைக்குள் வங்கியே திருப்பி வைக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. கிளையில் நாலு வருசம் கவுன்ட்டரில் உட்கார்ந்த எந்தக் கிளார்க்கும் இதைச் சொல்லிவிடுவார். "ஏனுங்கம்மா, வந்துருமுங்க, வல்லீனா நான் எழுதித் தர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கு இரவு தூங்கியிருப்பார். உலகத்தையே படித்துக் கரைத்துக் குடித்ததாகச் சொல்லப்படுகிற குரல் அதை ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

ஆளிடம் பேச வழி வைக்கத் தெரியாமல் விட்டார்கள் என்று நினைத்தேன். அக்கா மகன் சரவணம்பட்டியில் ஐடி கம்பெனியில் இருக்கிறான், இந்தப் பேசும் எந்திரங்களை வடிவமைப்பதுதான் அவன் பிழைப்பு. அவனைப் பிடித்துக் கேட்டேன். "நூறு பேர் கூப்புட்டா எத்தனை பேர் ஆளுகிட்டப் போகாம முடியறாங்களோ, அதுதானுங் மாமா எங்களுக்கு மார்க்கு" என்றான். "அப்ப உங்கம்முச்சி மாதிரி சலிச்சுப்போய் போனை வெச்சுட்டா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "நெறையா எடத்துல அதையும் முடிஞ்ச கணக்குலதானுங் மாமா சேத்துவாங்க."

அம்மாவின் ஐயாயிரம் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு கணக்குப் பலகையில் அவரும் தீர்த்துவைக்கப்பட்டவர்.

இதே எந்திரத்தை வேறு மாதிரியும் வைக்கலாம் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், மதுக்கரை போதும். 2021 நவம்பர் 26 ராத்திரி, நவக்கரை பக்கம் மங்களூரு–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. அந்தத் தடத்தில் அது முதல் சாவு அல்ல. 2024 பிப்ரவரியில் வனத்துறை 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களும் 24 கேமராக்களும் நிறுத்தியது. இருட்டில் உடல் சூட்டைக் கொண்டே யானையை அடையாளம் காணும் கேமராக்களும் அதில் உண்டு. தண்டவாளத்தை நோக்கி யானை வந்தால் கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி போகிறது, அங்கிருந்து வனக்காவலருக்கும் ரயில்வேக்கும் போகிறது. காவலர்கள் ஓடுகிறார்கள், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். அதற்குப் பிறகு அங்கே ரயிலில் அடிபட்டு யானை சாகவில்லை என்கிறது வனத்துறை. அங்கே எந்திரத்தின் வேலை என்ன? கண்ணில் பட்டதும் ஆளைக் கூப்பிடுவது. எங்கள் அம்மாவுக்கு வாய்த்த எந்திரத்தின் வேலை, ஆள் எழுந்து வராமல் பார்த்துக்கொள்வது. மதுக்கரைக் காட்டு யானைக்குக் கிடைக்கிற மரியாதை கணக்கு வைத்திருக்கிற கிழவிக்கு இல்லை என்றால் எனக்கு ஆத்திரம் வராதா?

மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நிதித்துறையில் செயற்கை நுண்ணறிவு எப்படி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. ஏழு கோட்பாடுகள். அவற்றில் ஒன்று, மக்களே முதலில். மக்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டால் எப்படி?

கடைசியில் கிளைக்கே போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். பணம் வந்தது, தாமதத்துக்கான தொகையும் சேர்ந்து வந்தது. பஸ் வசதி இல்லாத ஊரில் இருக்கிறவர், முட்டி தேய்ந்தவர், கூட்டிப்போக மகன் இல்லாதவர், இவர்களெல்லாம் என்ன செய்வார்கள் என்பது அந்த மார்க்குக் கணக்கில் எங்கே இருக்கிறது?

ஆளுக்குப் போக ஒரு எண்ணை முதலிலேயே வைப்பது பெரிய வேலையா என்று மருமகனிடம் கேட்டேன். "அரை நாள் வேலைங் மாமா. யாரும் கேக்கலீங், அதனால வெக்கலை."

நான் கேட்கிறேன். வணக்கம் சொன்ன கையோடு, "ஆளிடம் பேச ஒன்பதை அழுத்துங்கள்" என்று வையுங்கள். அழுத்தினால் ஆள் வரட்டும். கடன் வேண்டுமா என்பதை அவர் பேசி முடித்த பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.