அப்பாவின் அச்சை வெட்டலாமா?



பென்சில்வேனியாவில் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நயாகரா பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவது ஈயக் குண்டு பற்றி. முகம் சுளிக்காமல் படியுங்கள். மான் வேட்டைக்காகப் பள்ளிகளுக்கே விடுமுறை விடும் வட்டாரம் அது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொட்டகையில் ஈயம் உருக்கித் தன் ரைஃபிளுக்குத் தானே குண்டு வார்ப்பார். அப்பா விட்டுப்போன இரும்பு அச்சு ஒன்று வைத்திருந்தார். அதில் வரும் குண்டின் அடிப்பாகம் ஒரு படி சிறுத்திருக்கும். அந்தப் படியில் மெல்லிய செம்புத் தொப்பி மாட்ட வேண்டும். 'கேஸ் செக்' என்பார்கள்.

அது எதற்கு? குண்டு வேகமாகப் போக வேண்டுமென்றால் பின்னால் அழுத்தம் கூட வேண்டும். அந்தச் சூட்டு வாயு ஈயத்தின் அடிவிளிம்பை அரித்துக்கொண்டு முன்னே பாயும். ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும், குறி தவறும். அதைத் தடுக்கத்தான் தொப்பி.

அவரோ வேட்டையை விட்டுவிட்டார். காகித இலக்கில் சுடுவதோடு சரி. அவருடைய தேர்ட்டி-தேர்ட்டி ரைஃபிளில் வழக்கமான குண்டு வினாடிக்குச் சுமார் 2,200 அடி போகும். அவருக்கு 1,000 அடி போதும். அது ஒலியைவிட மெதுவு, ஆகவே காதைப் பிளக்கும் சத்தமில்லை, தோளில் உதை குறைவு. இந்த வேகத்துக்குத் தொப்பி தேவையில்லை, தட்டையான அடியே போதும். அதனால் அச்சில் உள்ள படியைக் கடைந்து அகலப்படுத்த நினைத்தார். "அப்பா பொருளில் கை வைக்காதே" என்று தம்பி சண்டை. என்னிடம் கருத்துக் கேட்டார்கள்.

வெட்டலாம் என்றேன். இன்றும் அதுதான் என் கருத்து.

நோய் இல்லாதபோது மருந்து எதற்கு? தொப்பி என்பது வேகத்தால் வந்த கோளாறுக்கு மருந்து. 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஃபார்ட்டி-ஃபைவ் செவன்ட்டி துப்பாக்கிக்கு வெறும் ஈயக் குண்டுதான். தொப்பியில்லாமலே நெடுந்தூரம் குறி வைத்தார்கள். அப்புறம், பரணில் துருப்பிடிக்கும் அச்சு அப்பாவின் நினைவு ஆகாது. வார்த்துக்கொண்டிருந்தால்தான் அது அச்சு.

ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது. ஆகவே முதலில் வெட்டாமலே சோதிக்கச் சொன்னேன். தொப்பி மாட்டாமல் மெதுவான வேகத்தில் சுட்டுப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. பிறகுதான் லேத்தில் ஏற்றினார். அந்தத் துளை ஒரே சீராக இருக்க வேண்டும். உள்ளே விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் வார்த்த குண்டு அச்சைவிட்டு வராது. குண்டின் அடிவிளிம்பு மழுங்காமல் இருக்க வேண்டும், ஏனெனில் குழலைவிட்டுக் கடைசியாக வெளியேறுவது அதுதான். சரியாகவே செய்தார். மறுவாரம் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றியே விழுந்தன. தம்பியும் வந்து சுட்டுப் பார்த்தார்.

மெதுவு என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். மருந்தைக் கண்டபடி குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அச்சிட்ட அளவு அட்டவணையைத் தாண்டி அவர் ஒரு சிட்டிகைகூட மாற்றியதில்லை.

இனி என் தப்பு. ஆறு வயதுப் பேரனை அந்தக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். "வெள்ளி மாதிரி மின்னுது தாத்தா" என்று குண்டுகளைக் கையில் அள்ளினான். நானும் ரசித்துக்கொண்டு நின்றேன். முப்பத்து நான்கு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன்! நம் வீட்டு ரசம் கொதிக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இது காரீயம், நஞ்சு. குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவே கிடையாது. அமெரிக்காவில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். மருமகள்தான் ஓடிவந்து அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துப் போனாள். நல்லவேளை, ஒன்றுமில்லை. மறுநாளே பெரியவர் கொட்டகைக் கதவுக்குப் பூட்டு வாங்கினார்.

வகுப்பறையிலும் இதைத்தான் பார்த்தேன். பிள்ளைகளை வேகமாக ஓட்டுகிறோம். தேய்மானம் தெரிந்ததும் டியூஷன் என்று ஒரு தொப்பி மாட்டுகிறோம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமே என்று எத்தனை பேர் கேட்டோம்? நானும் கேட்கவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அப்பாவின் அச்சை வெட்டச் சொன்னது சரியா? கீழே எழுதுங்கள். திட்டுவதானாலும் எழுதுங்கள்.