ஆண்டை கையால் வராத பணம்

ராணுவத்தில் இருந்தவர் இறந்துபோனால் எல்லோரும் வீரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பென்ஷனைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு என் தாத்தா காலாப்பட்டில் இறந்துபோனார். அம்மாவைப் பெற்றவர். 81 வயது. மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் 18 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். தெரு முனையில் பையன்கள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மூவர்ணக் கொடி, பீரங்கி, கீழே 'தேசத்தின் வீரமகன்'. பாசத்தோடு வைத்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாத்தா பீரங்கிப் படையில் இருந்தவர் இல்லை, சாப்பர். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர் வேலை. 1971 போரில் கிழக்கு வங்காளத்தின் ஆறுகளில் பாலம் போடப் போனவர். அதைப் பற்றிக் கேட்டால் "தண்ணி ரொம்ப சில்லுனு இருக்கும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அவர் விரும்பிப் பேசியது இரண்டு விஷயம்தான். ஒன்று லங்கர், அதாவது ராணுவத்தின் பொதுச் சமையல். "அங்கயும் என்ன ஆளுன்னு கேப்பாங்க. ஆனா கேட்டுட்டுத் தட்டை நகர்த்திக்க முடியாது" என்பார். சாதி ஒழிப்பு பற்றி முதுகலையில் நான் படித்த பல பக்கங்களைவிட இந்த ஒரு வரி எனக்குத் தெளிவாக இருக்கிறது. மனசு மாறுகிறதோ இல்லையோ, தட்டை நகர்த்த முடியாதபடி ஒரு விதி இருக்க வேண்டும். அந்த விதியை மீறினால் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் பென்ஷன். பென்ஷன் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்பேத்கர் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். நவம்பர் வந்தால் உயிரோடிருக்கும் சான்று கொடுக்க வங்கிக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். சட்டையை அயர்ன் பண்ணி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு போவார். "நான் இருக்கேன்னு கவருமெண்டு எழுதி வாங்கிக்குது பாரு" என்று சிரிப்பார். சின்ன வயதில் அதை ஜோக் என்று நினைத்தேன். அவர் பிறந்த சேரியில் ஒரு மனிதன் இருக்கிறானா செத்தானா என்று எந்த அரசாங்கமும் கேட்டதில்லை என்பதை வைத்துப் பார்த்தால் அது ஜோக் இல்லை.

அவருடைய சொந்த ஊர் காலாப்பட்டு அல்ல. விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தாவின் அப்பா அங்கே ஓர் ஆண்டையிடம் பண்ணையாள். கூலி நெல்லாக வரும். அதுவும் ஆண்டை நினைத்த நாளில் வரும். சாவு விழுந்தால் சேதி சொல்லப் போக வேண்டும், பறையடிக்க வேண்டும். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள். தாத்தா எட்டாவது வரை படித்தவர். 1963இல் யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதல் லீவில் பூட்ஸ் காலோடு ஊர்த் தெரு வழியாக வந்தவரை நிறுத்தி, கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார்கள். அவர் கழற்றவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. திரும்பி, ஏரிக்கரை சுற்றிக்கொண்டு சேரிக்குப் போனார். ஆற்றுக்கு மேல் பாலம் போடப் பழகியவருக்கு சொந்த ஊரில் ஒரு தெருவைக் கடக்க வழியில்லை.

ஓய்வுபெற்று வந்த பிறகு ஒரு மாற்றம் நடந்தது. ஊர்க்காரர்களுக்கு அவரை 'வாங்க' என்று கூப்பிட வாய் வரவில்லை, 'வாடா' என்று கூப்பிடத் துணிச்சல் இல்லை. அதனால் 'என்ன மிலிட்டரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதையும் கிடையாது, அவமரியாதையும் கிடையாது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையில் தொட்ட முதல் சமாதானம் அந்தச் சொல். அதை வாங்கிக் கொடுத்தது மெடல் இல்லை. மெடலை ஊரில் யாரும் பார்த்ததில்லை. மாதம் பிறந்தால் வங்கிக்கு வரும் பணத்தைத்தான் பார்த்தார்கள். அந்தப் பணம் ஆண்டை கையிலிருந்து வரவில்லை. ஆண்டை நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது.

அந்தப் பணம் என்ன செய்தது? ஆயா அடுத்தவர் களத்துக்குப் போவதை நிறுத்தினார். தாத்தாவின் தம்பி சாவு வேலைக்கு இனி வரமாட்டேன் என்றார். அம்மாவும் பெரியம்மாவும் பள்ளிக்கூடம் போனார்கள். ஒருமுறை கூலி உயர்வு கேட்டு சேரியே நடவுக்குப் போகாமல் நின்றது. மூன்றாம் நாளே அடுப்பு அணைந்துவிடும் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டது. பதினோரு நாள் தாங்கியது. தாத்தாவின் பென்ஷனிலிருந்து அரிசி வாங்கிப் பங்கிட்டார்கள். கூலி ஏறியது. போராட்டம் என்றால் மேடை, முழக்கம், கைது என்று நாம் எழுதுகிறோம். அதற்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மாதச் சம்பளமோ பென்ஷனோ இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. அண்ணலின் தாத்தா மாலோஜி சக்பால் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர். அப்பா ராம்ஜி, சுபேதார் மேஜர், மாவ் ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். கம்பெனிப் படையில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமாக இருந்ததால்தான் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கும் எழுத்து வந்தது. 1891 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பிறந்தது ஒரு கண்டோன்மெண்டில் என்பது தற்செயல் அல்ல.

ஆனால் கண்டோன்மெண்ட் வாசலைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அவர் வாழ்க்கையே சாட்சி. 1901இல் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, நல்ல உடை உடுத்திக்கொண்டு குழந்தைகள் ரயிலில் போய் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். மகர் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகை, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான் என்று பேசி முடிக்கிறார்கள். ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சுபேதார் மேஜர் வீட்டுப் பிள்ளைகள்! தாத்தாவை ஏரிக்கரை சுற்ற வைத்ததும் அந்த வண்டிக்காரனின் கணக்கும் ஒன்றுதான்.

இந்தக் கதவையும் நம் முகத்தில் சாத்தினார்கள். பழைய சென்னைப் படையில், குறிப்பாக சாப்பர்களில், பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். 1880களில் சென்னைப் படைக்கும், பிறகு இந்தியப் படைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திக்காரர்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று நம்பினார். 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கொள்கை வந்தது. பிறப்பை வைத்து வீரத்தை அளக்கும் அந்தக் கொள்கையும் சாதியும் ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொண்டன. மகர்களை எடுப்பதும் 1890களில் நின்றது.

அதை எதிர்த்து முதலில் எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜன்பா காம்ப்ளே லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கே மனு அனுப்பினார்: எங்களைப் படையிலும் போலீஸிலும் எடுங்கள் என்று. முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1917இல் ஒரு மகர் படைப்பிரிவு அமைத்தார்கள், 1921இல் கலைத்தார்கள். 1941இல், அம்பேத்கர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த ஆண்டில், மகர் ரெஜிமெண்ட் உருவானது. 1943இல் அமைத்த சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்தார்கள். ஆபத்து வந்தால் நாம் வீரர்கள், ஆபத்து தீர்ந்தால் நாம் லாயக்கில்லாதவர்கள்.

புதுச்சேரியில் இருக்கும் நமக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை இங்கே 'சொல்தா' என்போம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிறப்பால் வந்த சாதி, மத வழக்கங்களைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ளலாம் என்றானது. அப்படித் துறந்தவர்களில் கணிசமானவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். பலர் சிப்பாயாக, போலீஸாக, சிறைக் காவலராக சைகோன் போனார்கள். 1962 ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்புக்குப் பிறகு எந்த நாட்டுக் குடியுரிமை என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட பழைய சிப்பாய்களுக்கு பிரான்ஸிலிருந்து பென்ஷன் வந்தது. தாத்தா காலாப்பட்டுக்கு வந்ததற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. "பென்ஷன்காரனை சாதி கேக்காம மதிக்கிற ஊரு" என்று யாரோ சொல்லக் கேட்டுத்தான் ஓய்வுப் பணத்தில் இங்கே மனை வாங்கினார். பாதிதான் உண்மை என்று வந்த பிறகு தெரிந்துகொண்டார். ஆனால் பூட்ஸைக் கழற்றச் சொல்ல இங்கே யாரும் இல்லை.

இந்த இடத்தில் சில தோழர்கள் கேட்பார்கள்: ராணுவம் அரசின் ஆயுதம்தானே, அதில் இருந்தவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? சைகோனில் நம் ஆட்கள் வியட்நாம் மக்களை அடக்கிய ஆட்சிக்குத்தானே வேலை பார்த்தார்கள்? ஆமாம். அதை மறைக்கக் கூடாது. கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த போர் நினைவுச் சின்னத்துக்கு ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் மாலை போடுகிறார்கள். அந்தச் சிப்பாய்களில் நம்மவர்கள் யார், எங்கிருந்து போனார்கள், யாருடைய போரில் செத்தார்கள் என்று கேட்கும் வேலை நம்முடையது. ஆனால் ஒரு பண்ணையாள் மகன் படையில் சேர்ந்ததை, வயிறு நிறைந்த ஒருவர் படையில் சேர்ந்ததோடு ஒன்றாக வைக்க முடியாது. ஒருவருக்கு அது தேசபக்தி, இன்னொருவருக்கு அது தப்பிக்கும் வழி. தப்பித்தவரைத் தேசபக்தர் என்று ஃப்ளெக்ஸ் அடித்து முடித்துவிட்டால், எதிலிருந்து தப்பித்தார் என்ற கேள்வி அந்த ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் மறைந்துபோகும். சாதிக்கு அது ரொம்ப வசதி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் 2022 ஜூன் 14. அன்றுதான் அக்னிபாத் திட்டத்தை அறிவித்தார்கள். நான்கு வருட வேலை. அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரை மட்டும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை. ஒரு சிப்பாய் பென்ஷன் வாங்க 15 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். நான்கு வருடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2004இல் மத்திய அரசுப் பணிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்தியபோது ராணுவத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கும் இப்போது பெரும்பாலானவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இளைஞர்கள் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். நம் அமைப்புகளில் பலர் அதை 'வடக்கத்திப் பிரச்சினை' என்று விட்டுவிட்டோம். சிப்பாய் வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது, எனவே அது நம் கோரிக்கைப் பட்டியலிலும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நிலம் இருக்கும் வீட்டுப் பையன் நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் நிலத்துக்கு வருவான். கடை இருப்பவன் கடைக்கு வருவான். நம் பையன் 11 லட்சத்தோடு எங்கே வருவான்? அக்கா கல்யாணம், வீட்டுக் கடன், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு. ஒரே வருடத்தில் கரைந்துபோகும். மொத்தமாக வரும் பணத்துக்கு ஊரில் நூறு வாய் உண்டு. மாதாமாதம் சாகும்வரை வந்து, செத்த பிறகு மனைவிக்கும் வரும் பணம்தான் ஆண்டையிடமிருந்து மூன்று தலைமுறையை விடுவித்தது.

அதனால் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்திலும் அம்பேத்கர் சட்டக் கல்லூரியிலும் படிக்கிற தம்பி, தங்கைகளிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டுத் தாத்தாக்களின் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, போஸ்டிங் போன ஊரின் போட்டோ, எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நம் முன்னோரைப் பற்றி அரசு எழுதிய முதல் காகிதம் பல வீடுகளில் அதுதான். உயிரோடு இருப்பவர்களிடம் போரைக் கேட்காதீர்கள், லீவில் வந்த நாளைக் கேளுங்கள். உண்மையான கதை அங்கே இருக்கிறது.

இரண்டாவது, ஆயாக்களிடம் கேளுங்கள்: குடும்ப ஓய்வூதியம் வருகிறதா? ராணுவப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்பதாலேயே அலையும் பெண்களைக் களப்பணியில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பிரமாணப் பத்திரம், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இரண்டு நடை. சட்டம் படிக்கிற உங்களால் முடிகிற வேலை.

மூன்றாவது, பென்ஷனை சாதி ஒழிப்புக் கோரிக்கையாகப் பேசுங்கள். தூய்மைப் பணியாளரின் வேலையை ஒப்பந்தமாக்குவதும், சிப்பாய் வேலையை நான்கு வருடமாக்குவதும் ஒரே திசையில் போகிற விஷயங்கள். நம் ஆட்கள் உள்ளே நுழைந்த ஒவ்வொரு வேலையிலும் முதலில் பிடுங்கப்படுவது அந்த நிரந்தரம்தான். சம்பளம் இன்றைக்குச் சோறு போடும். நாளைக்கும் வரும் என்ற உறுதி இருந்தால்தான் ஒரு மனிதன் இன்றைக்கே 'முடியாது' என்று சொல்வான்.

தாத்தா வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல உதவியிருக்கிறார். அடுத்த தலைமுறையில் அதைச் சொல்லப்போகிறவர்களுக்குப் பின்னால் நிற்க எந்தப் பணம் இருக்கிறது?

ஜெய்பீம்.